பூச்சிக்குக் காலண்டர் உண்டா?

2012ஆம் ஆண்டு, மார்ச் மாதம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வட எல்லையில், பெரும் ஏரிகளின் நடுவே அமைந்த மாநிலம் மிச்சிகன். அங்கே மார்ச் என்பது குளிர்காலத்தின் வால். மண்ணில் ஆங்காங்கே பனி கிடக்கும். மரங்களில் ஓர் இலைகூட இராது. கம்பளிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைக்க எவருக்கும் துணிவு வராது.

அந்த ஆண்டு மார்ச் நடுவில் தெற்கேயிருந்து வெப்பக் காற்று வீசத் தொடங்கியது. பெல்ஸ்டன் என்பது அம்மாநிலத்தில் குளிருக்குப் பேர்போன சிற்றூர். அங்கே ஒரு நாள் வெப்பநிலை 29° செல்சியஸைத் தொட்டது. அதே தேதியில் அதற்குமுன் பதிவாகியிருந்த உச்சமே சுமார் 12° தான்! பக்கத்திலுள்ள சிகாகோ நகரில் மார்ச் 14 முதல் 22 வரை ஒன்பது நாள்கள் தொடர்ந்து பழைய உச்சங்கள் முறிந்தன. ஹவாய், அலாஸ்கா நீங்கலாக, அந்நாடு முழுவதற்கும் சராசரி எடுத்துப் பார்த்தபோது, 1895இல் பதிவேடு தொடங்கியதிலிருந்து அவ்வளவு வெப்பமான மார்ச் இருந்ததே இல்லை என்று தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 4.8° கூடுதல்.

நகரத்து மக்களுக்குக் கொண்டாட்டம். பூங்காக்களில் கூட்டம்; ஐஸ்கிரீம் கடைகளில் கூட்டம். ஆனால் ஆப்பிள் தோட்டக்காரர்கள் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. தங்கள் மரங்களில் மொட்டு வெடிப்பதை அவர்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மரம் பூப்பதைப் பார்த்து உழவன் கவலைப்படுவானா? படுவான். ஏன் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். அதற்கு முதலில் ஒரு சின்னக் கேள்வி.

பட்டை இடுக்கில் குளிர்காலம் முழுவதும் அசையாமல் கிடந்த ஒரு புழுவுக்கு, வசந்தம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிகிறது?

வெப்பத்தை எண்ணும் கடிகாரம்

நம் உடலின் வெப்பநிலை வெயிலிலும் மழையிலும் ஏறத்தாழ 37° ஆகவே இருக்கிறது. பூச்சிகளுக்கு அப்படி இல்லை. சுற்றியுள்ள காற்று எப்படியோ, அவற்றின் உடலும் அப்படியே. இவற்றைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என்று புத்தகங்களில் எழுதுவார்கள். அது அவ்வளவு பொருத்தமான பெயர் அல்ல. வெயிலில் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளியின் இரத்தம் குளிர்ந்தா இருக்கும்? வெளியிலிருந்து வெப்பத்தைக் கடன் வாங்கி வாழும் பிராணிகள் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

உடலுக்குள் நடக்கும் வேதிமாற்றங்கள் எல்லாம் வெப்பம் கூடக்கூட விரைவாகும். எனவே, பூச்சியின் வளர்ச்சியும் விரைவாகும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றே விடும். அதைத் தொடக்க வெப்பநிலை என்று வைத்துக்கொள்வோம். ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு அது 10°. நாளின் சராசரி வெப்பநிலை 10°க்கு மேலே எத்தனை டிகிரி இருக்கிறதோ, அத்தனை ‘டிகிரி-நாள்’ அந்தப் பூச்சியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. வரவு ஓர் அளவை எட்டியதும் முட்டை பொரியும். இன்னோர் அளவை எட்டியதும் புழு கூட்டுப்புழுவாகும். உண்டியலில் காசு சேர்ப்பது போலத்தான்.

பென்சிலை எடுங்கள். ஐந்து நாள்களின் உச்ச, தாழ்ந்த வெப்பநிலைகள் இவை என்று கொள்வோம்: முதல் நாள் 24°, 8°, இரண்டாம் நாள் 26°, 12°, மூன்றாம் நாள் 27°, 13°, பிறகு குளிர் திரும்பி, நான்காம் நாள் 12°, 4°, ஐந்தாம் நாள் 11°, 3°. முதல் நாளின் சராசரி 16°. 10ஐக் கழித்தால் 6 டிகிரி-நாள். அடுத்த இரு நாள்களுக்கும் 9, 10. நான்காம் நாள் சராசரி 8°, ஐந்தாம் நாள் 7°. இரண்டும் 10°க்குக் கீழே. ஆகவே வரவு பூஜ்யம். மொத்தம் 25. குளிர் நாள்களில் வரவு இல்லையே தவிர, சேர்ந்தது கரைந்து போகவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்தக் கடிகாரம் நிற்கும்; பின்னோக்கி ஓடாது.

வெப்பத்தைக் கூட்டிப் பார்க்கும் இந்த யோசனை மிகப் பழையது. 1735இல் ரெனே ரோமர் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் தினசரி வெப்பநிலைகளைக் கூட்டி, 1734, 1735 ஆகிய இரண்டு ஆண்டுகளின் அறுவடையோடு ஒப்பிட்டார். கூட்டுத்தொகை அதிகமாக இருந்த 1734இல் விளைச்சல் முன்னதாகவே முற்றியது. தம் பெயரால் ஒரு வெப்பமானியையும் அமைத்த இவர், பூச்சிகளைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதியவரும் ஆவார். கூட்டுப்புழுக்களைக் கதகதப்பான செடிவீட்டில் வைத்தபோது அவை முன்னதாகவே அந்துப்பூச்சிகளாயின. குளிர்ந்த நிலவறையில் வைத்தவை நீண்ட நாள் தாமதித்தன. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மிச்சிகன் உழவர் கணினியில் பார்க்கும் அட்டவணைக்கு மூலம், இந்த மனிதரின் கூட்டல் கணக்குதான்.

புழு நுழையும் வாசல்

காட்லிங் அந்துப்பூச்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஆப்பிளை வெட்டும்போது நடுவில் விதையைத் தின்றுகொண்டு ஒரு புழு இருப்பதாகப் படக்கதைகளில் வரைவார்களே, அது இதுதான். ஆப்பிள் விளையும் உலகப் பகுதிகள் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. இந்தியாவில் லடாக் பகுதியில் இருக்கிறது.

முற்றிய புழு பட்டையின் இடுக்கில் மெல்லிய கூடு பின்னி, அதற்குள் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, ஆப்பிள் பூக்கும் காலத்தை ஒட்டி, சாம்பல் நிற அந்துப்பூச்சியாக வெளிவருகிறது. பெண் பூச்சி காய்களின் மேலும் அருகிலுள்ள இலைகளின் மேலும் முட்டைகளை ஒவ்வொன்றாக இடுகிறது. பொரிந்து வரும் புழு, பிஞ்சைத் தேடி ஊர்ந்து, விரைவிலேயே துளைத்து உள்ளே போய்விடும். உள்ளே போனபின் எந்த மருந்து தெளித்தும் பயனில்லை; காயின் சதையே அதற்குக் கோட்டைச் சுவர். ஆக, பொரிவதற்கும் நுழைவதற்கும் இடையிலுள்ள அந்தக் குறுகிய நேரமே உழவனின் வாய்ப்பு.

அந்த நேரம் எந்தத் தேதியில் வரும்? தேதியைப் பார்த்தால் ஏமாறுவோம். 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள், பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்க வெளிவிடும் மணப்பொருள் எது என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பொருளைத் தடவிய ரப்பர் துண்டை ஒட்டும் தாள் விரித்த பொறிக்குள் வைத்தால், ஆண் பூச்சிகள் தாமாகவே வந்து மாட்டிக்கொள்ளும். இதைத்தான் நாம் இனக்கவர்ச்சிப் பொறி என்கிறோம். 1976இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பொறியையும் டிகிரி-நாள் கணக்கையும் இணைத்தார்கள். பொறியில் ஆண் பூச்சிகள் தொடர்ந்து விழத் தொடங்கும் நாளே கணக்கின் பூஜ்ய நாள். அன்றிலிருந்து சுமார் 140 டிகிரி-நாள் சேர்ந்ததும் முதல் முட்டைகள் பொரியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பூஜ்ய நாளுக்குப்பின் சராசரி வெப்பநிலை 17° என்றால் ஒரு நாளைக்கு 7 வரவு. 140ஐ எட்ட 20 நாள்கள். சராசரி 22° என்றால் ஒரு நாளைக்கு 12. பன்னிரண்டே நாள்களில் பொரிந்துவிடும். பூஜ்ய நாளே முன்னதாக வந்து, அதன்பின் பொரிப்பும் விரைவானால்? சென்ற ஆண்டு டைரியைப் பார்த்து மருந்து தெளிக்கப் போகிறவர், புழு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வாசலுக்குப் போய்ச் சேருவார்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்பூச்சிக்கு ஒரு தலைமுறை முடியச் சுமார் 560 டிகிரி-நாள் வேண்டும். மிச்சிகனில் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு தலைமுறைகள். ‘இனி உறங்கப் போ’ என்று புழுவுக்குச் சொல்வது வெப்பம் அல்ல, பகலின் நீளம். ஆகஸ்டில் பகல் ஓர் அளவுக்குக் குறுகியதும், அப்போது வளரும் புழுக்கள் கூடு பின்னிக்கொண்டு அடுத்த வசந்தம்வரை அடங்கிவிடுகின்றன. பகலின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. அது சூரியனும் பூமியும் செய்துகொண்ட ஏற்பாடு. எனவே வசந்தம் மூன்று வாரம் முந்தினால், உறக்க மணி அடிப்பதற்குமுன் பூச்சிக்கு மூன்று வாரம் கூடுதலாகக் கிடைக்கிறது. மணியடிக்குமுன் வளர்ச்சி முடித்த புழுக்கள் உறங்காமல், இன்னொரு தலைமுறைக்கு முயலும். எழுப்புவது வெப்பக் கடிகாரம், உறங்க வைப்பது பகல் கடிகாரம். முதலாவது மட்டும் ஓடத் தொடங்கும்போதுதான் தொல்லை.

யார் முதலில் எழுந்தார்கள்?

எல்லாப் பூச்சிக்கும் தொடக்க வெப்பநிலை 10° அல்ல. அசுவினி இனங்கள் பலவற்றுக்கு அது 5°யை ஒட்டியே இருக்கிறது. ஆப்பிள் மரத்து அசுவினி குளிர்காலத்தைக் கிளை நுனிகளில் கறுத்த பளபளப்பான முட்டையாகக் கழித்து, மொட்டின் நுனி பச்சை காட்டும்போது பொரிகிறது. அதன்பின் ஆண் துணையே தேவையின்றிப் பெண்கள் குட்டி போட்டுப் பெருகும். அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகள் பலவற்றுக்குத் தொடக்க வெப்பநிலை 10° அளவில் இருக்கிறது.

சற்றுமுன் போட்ட ஐந்து நாள் கணக்கை 5°ஐ வைத்துத் திரும்பப் போடுங்கள். 11, 14, 15, 3, 2. மொத்தம் 45 வரும். குளிர் திரும்பிய கடைசி இரு நாள்களில் பொறிவண்டுக்கு வரவு பூஜ்யம். அசுவினிக்கோ கொஞ்சமாவது வரவு உண்டு. தொடர்ந்து வெப்பமாகவே இருக்கும் வசந்தத்தால் அசுவினிக்குப் பெரிய இலாபம் இல்லை. பகைவனும் கூடவே எழுந்துவிடுவான். முன்னதாக வெப்பம் வந்து, அசுவினியைப் பொரிக்க வைத்துவிட்டு, பிறகு வாரக் கணக்கில் மந்தமாகக் குளிரும் வசந்தம் இருக்கிறதே, அதுதான் அசுவினிக்குப் பொற்காலம். பகைவன் வர நாளாகும். அதற்குள் அதன் கூட்டம் இலையைச் சுருட்டி, உள்ளே பதுங்கிவிடும். வெப்பம் எவ்வளவு என்பதைவிட எந்த வரிசையில் வந்தது என்பதே சில வேளைகளில் பெரிதாகிவிடுகிறது.

வேற்றூரிலிருந்து வரும் பூச்சிகளும் உண்டு. புல்லையும் கோதுமையையும் மேயும் ஒருவகைப் படைப்புழுவின் அந்துப்பூச்சி, தென் மாநிலங்களிலிருந்து வசந்தக் காற்றில் மிதந்து வடக்கே போகிறது. (2018 முதல் நம் மக்காச்சோளத்தைத் தாக்கிவரும் படைப்புழு இதன் உறவுதான், ஆனால் வேறு இனம்.) 2012இல் வெப்பத்தைச் சுமந்து வந்த அதே தென்காற்று இவற்றுக்கும் வாகனமாயிற்று. அவ்வாண்டு வசந்தத்தின் பிற்பகுதியில் நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதி முதலிய இடங்களில் கோதுமை வயல்களையும் வைக்கோல் புல்வெளிகளையும் புழுக்கள் கூட்டமாக மேய்ந்தன.

ஏரி காக்கத் தவறியது

இனி மரத்தின் பக்கம் வருவோம். ஆப்பிள் மரம் அத்தனை எளிதில் ஏமாறுவது அல்ல. ஜனவரியில் நான்கு நாள் வெயில் அடித்தால் அது பூத்துவிடாது. 0°க்கும் 7°க்கும் இடைப்பட்ட குளிரில் சுமார் ஆயிரம் மணி நேரம் கழிந்தால்தான் அதன் உறக்கம் முழுமையாகும். அதன் பிறகே வெப்பக் கணக்கு தொடங்கும். இது மரம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட பூட்டு. ஆனால் மார்ச் மாதத்தில் அந்த ஆயிரம் மணி நேரம் முடிந்துவிட்டிருக்கும், பூட்டு திறந்திருக்கும். அப்போது வெப்பம் வந்தால் தடுக்க எதுவும் இல்லை.

மிச்சிகன் உழவர்களுக்கு மட்டும் இன்னொரு பாதுகாப்பு இருந்தது. அம்மாநிலத்தின் மேற்கே மிச்சிகன் ஏரி, கடல் போல விரிந்து கிடக்கிறது. நீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாகக் குளிரும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். வசந்தத்தில் ஏரி நீர் குளிர்ந்தே இருக்கும். மேற்கேயிருந்து வீசும் காற்று அதன்மேல் தவழ்ந்து, குளிர்ந்து, கிழக்குக் கரைத் தோட்டங்களை அடையும். அதனால் அங்கே மரங்கள் தாமதமாகப் பூக்கும். பூக்கும்போது உறைபனி அபாயம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். கரையோரமாகப் பழத்தோட்டங்கள் அமைந்ததற்கு இதுவே காரணம். 2012 மார்ச்சில் காற்று மேற்கேயிருந்து வராமல், நிலத்தின் வழியாகவே தெற்கேயிருந்து வந்தது. ஏரி இருந்தும் பயன்படவில்லை. மரங்கள் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முந்திக்கொண்டன.

குளிர்காலத்தில் உறங்கும் மொட்டு கடும் உறைபனியையும் தாங்கும். விழித்த மொட்டுக்கு அந்த வலிமை நாளுக்கு நாள் குறைகிறது. ஆப்பிள் மொட்டின் நுனி வெள்ளி நிறம் காட்டும் நிலையில், –9° குளிரில் அரைமணி இருந்தால் பத்தில் ஒரு மொட்டு சாகும். பத்தில் ஒன்பது சாக –17° வேண்டும். முழுதாகப் பூத்த நிலையில் நிலைமை வேறு. –2°க்குப் பத்தில் ஒன்று போகும். –4°க்குப் பத்தில் ஒன்பது போய்விடும். கொஞ்சம் நட்டம் என்பதற்கும் எல்லாமே நட்டம் என்பதற்கும் நடுவில் இரண்டு டிகிரிகூட முழுதாக இல்லை! இதனால்தான் ஒரே தோட்டத்தில் மேட்டிலிருக்கும் மரம் தப்பிக்கிறது, பள்ளத்தில் இருக்கும் மரம் மொத்தத்தையும் இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் நீர் போலவே பள்ளத்தை நோக்கி வடியும்.

மார்ச் முடிந்ததும் வானிலை தன் வழக்கத்துக்குத் திரும்பியது. ஏப்ரலில் உறைபனி விழுவது அங்கே அதிசயம் அல்ல. மே முதல் பாதிவரைகூட விழும். உறைபனி தன் காலத்தில்தான் வந்தது. மரம்தான் தன் காலத்துக்குமுன் பூத்து நின்றது. பத்துக்கும் மேற்பட்ட இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. காலையில் தோட்டக்காரர்கள் பிளேடை எடுத்துக்கொண்டு போய், மொட்டுகளைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். உயிருள்ள மொட்டின் நடு பச்சையாக இருக்கும். செத்ததன் நடு பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். சூலகம் செத்த பிறகும் இதழ்கள் விரியக்கூடும். சாலையில் போகிறவருக்குத் தோட்டம் அழகாகப் பூத்திருப்பதாகத் தோன்றும். உள்ளே காய் ஆவதற்கு எதுவும் இராது.

மிச்சிகன் 2011இல் சுமார் 2 கோடியே 30 லட்சம் புஷல் ஆப்பிள் விளைவித்திருந்தது. (ஆப்பிளில் ஒரு புஷல் ஏறத்தாழ 19 கிலோ.) 2012இல் கிடைத்தது 30 லட்சம்கூட இல்லை. அந்நாட்டுப் புளிப்புச் செர்ரியில் பெரும்பங்கு இம்மாநிலத்தில் விளைவது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிற்று. செர்ரிப் பண்டங்கள் செய்யும் ஆலைகள் போலந்திலிருந்து பழம் இறக்குமதி செய்தன. 1945இலும் இதுபோல மார்ச் சுட்டு, பின்பு உறைபனி விழுந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

காய் இல்லாத தோட்டத்துக்குக் காவல்

இனித்தான் சிறு தோட்டக்காரரின் உண்மையான இக்கட்டு.

விளைச்சல் இல்லை, இனி செலவும் இல்லை, தோட்டத்தைச் சாத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நெல் வயலானால் சரி. மரப்பயிருக்கு அது நடக்காது. அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டு, இந்த ஆண்டுக் கோடையிலேயே மரத்தில் உருவாகிறது. அதற்கு உணவு தருவது இந்த ஆண்டு இலை. இலையில் சொறிநோய்ப் பூசணம் பற்றினாலோ, சிலந்திப்பேனும் அசுவினியும் உறிஞ்சினாலோ, அடி விழுவது அடுத்த ஆண்டின் வரவில். ஆகவே காய் ஒன்றுமில்லாத மரத்துக்கும் மருந்து தெளித்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் வருமானம் பூஜ்யம். டீசலுக்கும் மருந்துக்கும் கைக்காசு.

எல்லா மரமும் வெறுமையாகவும் இல்லை. மேட்டு மரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில காய்கள் தப்பியிருக்கும். காட்லிங் அந்துப்பூச்சி சென்ற ஆண்டு நல்ல விளைச்சலில் பெருகிப் பட்டைக்குள் படுத்திருந்த கூட்டம். உறைபனி அதை ஒன்றும் செய்யவில்லை. கூன்வண்டு ஒருவகை, காட்டோரச் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வெதுவெதுப்பான மாலைகளில் தோட்டத்துக்கு வந்து, பிஞ்சில் பிறைவடிவத் தழும்பு கீறி முட்டையிடும். நூறு காய்க்குப் பரவ வேண்டிய இந்தப் பூச்சிகள் எல்லாம் பத்துக் காயைச் சூழ்ந்துகொள்ளும். தப்பிய காயைக் காக்கத் தெளிப்பதா, அல்லது காயைக் கைவிட்டு இலையை மட்டும் காப்பதா? ஒவ்வொரு பாத்தியிலும் இந்தக் கேள்வி. காயை முழுதும் கைவிட்டால் ஒரு நன்மையும் உண்டு: தின்னக் காய் இல்லாத இடத்தில் புழு வளர முடியாது. பாதி கைவிடுவதுதான் மோசம். பறிக்காமல் விட்ட சில காய்களே அடுத்த ஆண்டுப் பூச்சிக்கு விதைப்பண்ணை ஆகிவிடும்.

உறைபனியைத் தடுக்க வழியே இல்லையா? உண்டு. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிரும். பத்து, பதினைந்து மீட்டர் உயரத்தில் காற்று சற்றுக் கதகதப்பாக இருக்கும். உயர்ந்த கம்பத்தில் பெரிய விசிறியைச் சுழற்றி அந்தக் காற்றைக் கீழே இறக்கலாம். ஒரு விசிறி ஏறத்தாழ பத்து ஏக்கரைக் காக்கும். ஹெலிகாப்டரை வாடகைக்கு அமர்த்தித் தோட்டத்தின்மேல் பறக்கவிடுவோரும் உண்டு. இன்னொரு வழி வேடிக்கையானது: பூக்களின்மேல் இரவெல்லாம் நீரைத் தெளிப்பது! ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாக உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. தொடர்ந்து நீர் உறைந்துகொண்டே இருக்கும்வரை, பனிக்கட்டிக்குள் இருக்கும் பூ 0° அளவிலேயே இருக்கும். அதற்குக் கீழே போகாது. நடுவில் பம்பு நின்றால் போச்சு. தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகும்.

விசிறிக்கும் பம்புக்கும் முதல் போட எல்லாருக்கும் முடியாது. வசதியுள்ளவர் தோட்டத்தில் சில காய்கள் நின்றன. அவ்வாண்டு ஆப்பிளுக்கு விலையும் இருந்தது. வசதியில்லாதவருக்கு இரண்டும் இல்லை. ஆப்பிளுக்குப் பயிர்க் காப்பீடு இருந்தது. புளிப்புச் செர்ரிக்கு அப்போது அதுவும் இல்லை. பழம் பறிக்க ஆண்டுதோறும் குடும்பத்தோடு வரும் தொழிலாளர்களின் கதையைச் செய்தித்தாள்கள் குறைவாகவே எழுதின. பறிக்கப் பழம் இல்லையென்றால் அவர்களுக்குக் கூலி இல்லை. அவர்களுக்கு மரமும் இல்லை, காப்பீடும் இல்லை.

மரங்கள் சாகவில்லை. காய்ச் சுமையின்றி ஓர் ஆண்டு ஓய்வெடுத்த மரங்கள் கோடையில் ஏராளமாக மொட்டு உருவாக்கின. 2013இல் மிச்சிகனில் சுமார் 3 கோடி புஷல் ஆப்பிள் விளைந்தது. ஒன்றுமில்லாத ஆண்டில் கைக்காசு போட்டு இலையைக் காத்தவர்களுக்கு அதில் பங்கு கிடைத்தது.

ஒரே ஓர் ஆண்டின் வெயிலைக் காட்டி, உலகம் வெப்பமாவதற்குச் சான்று இதுவே என்று சொல்வது சரியாகாது. அந்த மார்ச்சில் காற்றோட்டம் அப்படி அமைந்தது. ஆனால் பல பத்தாண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது: அப்பகுதியில் மரங்கள் விழிக்கும் காலம் முன்னே நகர்ந்து வந்திருக்கிறது, கடைசி உறைபனி அதே வேகத்தில் முன்னே நகரவில்லை. இடைவெளி அகன்றால், பூத்த மரம் உறைபனியைச் சந்திக்கும் இரவுகளும் கூடும்.

உங்கள் பள்ளியில் உச்ச-தாழ் வெப்பமானி இருந்தால் ஒரு மாதம் குறித்து வாருங்கள். இல்லாவிட்டால் நாளிதழில் வரும் வெப்பநிலையே போதும். ஒவ்வொரு நாளுக்கும் 10°ஐக் கழித்து டிகிரி-நாளைக் கூட்டுங்கள். 560 சேர உங்கள் ஊரில் எத்தனை நாள் ஆகிறது? மதுரைக்காரரும் உதகமண்டலத்துக்காரரும் விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு உங்கள் ஊர்ப் பூச்சிகளுக்குக் குளிர்கால ஓய்வு என்று ஒன்று உண்டா என்று யோசியுங்கள்.